வெயிலுக்கு அனுப்பிய ஆமை

ஆகஸ்ட் 9, சனி

விடிந்ததிலிருந்து சாரல். கொடியில் போட்ட துணி மூன்றாவது நாளாகக் காயவில்லை. தலையணை உறையில்கூட ஈர நாற்றம்.

ஊரே சாரல், சாரல் என்று குதிக்கிறது. எனக்கு ஆகாது. இரண்டு வருஷம் முன்னால் இதே சாரலில்தான் என் ஆமை பவுனுக்கு ஓடு இளகியது. விரலால் அழுத்தினால் நமுத்த அப்பளம் மாதிரி அமுங்கியது. மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆமையை அவர் அதுவரை பார்த்ததே இல்லை, போனில் யாரிடமோ கேட்டுக் கேட்டுச் சொன்னார். வெயில் வேண்டுமாம். தினம் இரண்டு மணி நேரமாவது. தென்காசியில் ஆனி, ஆடியில் வெயிலுக்கு எங்கே போக?

பாவூர்சத்திரத்துக்குப் போக வேண்டும். பஸ்ஸில் அரை மணி நேரம். இங்கே குடை, அங்கே கொளுத்தும். அதனால்தான் சீசன் வந்தால் பவுனு அங்கே என் தங்கச்சி மல்லிகா வீட்டு மொட்டை மாடியில். போன வருஷமும் இப்படித்தான், ஓடு கல் மாதிரி ஆகித் திரும்பி வந்தது. பிள்ளைகளை லீவுக்கு அனுப்புகிற மாதிரி பெட்டி படுக்கையோடு அனுப்புவேன். தீனி டின், ஓடு கெட்டிப்படக் கொறிக்கக் கடல்நுரை, வெயில் காயச் செங்கல்.

இன்று ஸ்கேன் சென்டரில் அருவியில் வழுக்கிய மணிக்கட்டு மூன்று, கணுக்கால் ஒன்று. எல்லாம் வெளியூர். ஒருத்தர் உடம்பெல்லாம் எண்ணெயோடு வந்து மேஜையை நாசமாக்கிவிட்டார். “மேடம், எலும்பு ஒடஞ்சிருக்கா?” “டாக்டர் சொல்வாங்க.” இருபத்திரண்டு வருஷமாக இதே பதில். எக்ஸ்ரே படம் எடுப்பது நான், பார்ப்பது நான், சொல்வது மட்டும் நானில்லை.

சாயங்காலம் ம. போன். “அக்கா, நாளைக்கு வந்து பவுனக் கூட்டிட்டுப் போயிரேன். வீட்டுக்கு வெள்ளை அடிக்கோம்.”

சீசன் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனாலும் சந்தோஷம்தான். இரண்டு மாதமாகிவிட்டது.

நாளைக்கு:
தொட்டி கழுவ (சோப்பு கூடாது)
கிணற்றுத் தண்ணீர் 4 குடம்
கூனி இறால், கடல்நுரை
திவ்யாவுக்கு அல்வா

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பஸ் ஏறும்போது தூறல், இறங்கும்போது மண்டை காய்ந்தது. குடையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன், வெயிலுக்கு.

ம. வாசலிலேயே நின்றாள். வெள்ளை அடிக்கிறோம் என்றவள் வீட்டில் ஒரு வாளியைக் காணோம். கேட்டதற்கு, “நாளைக்கு வாரானுவக்கா.” அவள் மகள் திவ்யா அறையை விட்டு வெளியே வரவில்லை. தலைவலியாம். அல்வாவை நானே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷமும் என் வீட்டில் இருந்து இலஞ்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை. தலைவலி என்றால் என் மடியில் வந்து விழுவாள்.

மாடியில் பவுனு. செங்கல் மேல் நின்றது. டின்னைக் கரண்டியால் தட்டினேன், டொக் டொக் டொக். எங்கே இருந்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு வரும். வரவில்லை. பொத்தென்று தண்ணீருக்குள் விழுந்து ஒளிந்துகொண்டது.

தூக்கிப் பார்த்தேன். ஓட்டில் அந்தக் கோடு இல்லை.

மூன்று வருஷம் முன்னால் பவுனு என் வீட்டு மாடிச் சுவரிலிருந்து கீழே விழுந்தது. வலது பக்கம் ஓடு பிளந்து ரத்தம். தி. அப்போது என்னோடு இருந்தாள். ஆட்டோவில் இரண்டு பேரும் அழுதுகொண்டே சென்டருக்கு ஓடினோம். படம் எடுக்க நான் பொத்தானை அழுத்த, அவள்தான் ஆமையைப் பிடித்துக்கொண்டாள். பிழைத்தது. ஆனால் கோடு நின்றுவிட்டது, கோணல் மாணலாக, மெழுகு வழிந்த மாதிரி.

“ஓடு உரிச்சிட்டுக்கா,” என்றாள் ம. “வெயில்ல தகடு தகடா உரிஞ்சு விழுந்துச்சு. அந்தக் கோடும் அதோட போயிட்டு.”

உரிக்கும். அது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை வெயிலும் அதிகம். நகம் நீளமாகத் தெரிந்தது. தரையில் விடாமல் வைத்திருப்பாள்.

கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் வாளி. பக்கத்து சீட்டுக்காரர், “மீனா தாயி?” “ஆமை.” எழுந்து பின்னால் போய்விட்டார். உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

சாரல், காற்று. கரண்டு இரண்டு தடவை போயிற்று.

பவுனு சாப்பிடவில்லை. வைத்துப் பார்த்தது: உருண்டைத் தீனி, கூனி, வெள்ளரி, முருங்கைக்கீரை, அவித்த முட்டை வெள்ளைக்கரு. எதையும் முகரக்கூட இல்லை. கையை நீட்டினால் சீறுகிறது. எட்டு வருஷம் என் விரலைக் கடிக்காமல் விரல் நுனியில் இருந்து எடுத்துத் தின்றது. இடம் மாறின பயமாக இருக்கும். நானும் ஹாஸ்டலில் முதல் வாரம் சாப்பிடவில்லை.

சென்டரில் செல்லத்தாய் (பிளேட் எடுத்துக் கொடுப்பவள், ஊர் வம்பு முழுக்க அவளிடம்) டீ குடித்துக்கொண்டே, “பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு ஐந்தருவியில ஒங்க தங்கச்சியப் பாத்தேங்க்கா. அந்தப் புள்ளையும் நின்னுச்சு. கூட யாரோ புது ஆளுக. வேன்ல வந்திருந்தாவ.”

“மல்லிகா இல்ல, வேற யாராவது இருக்கும்.”

“ஒங்க மூக்க அப்படியே வெட்டி ஒட்டுன மூக்கு. எனக்குத் தெரியாதா?”

பாவூர்சத்திரத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகத் தென்காசியைத் தாண்டித்தான் போக வேண்டும். என் தெரு முனையில் பஸ் நிற்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தண்ணீர் மாற்றினேன். சாப்பிடவில்லை.

ம.வுக்குப் போன் போட்டேன். பவுனு பற்றித்தான் முதலில். “சரியாயிரும்க்கா, இங்கயும் ரெண்டு நாள் அப்படித்தான் இருந்துச்சு.” பிறகு சும்மா கேட்கிற மாதிரி, “பெருக்கு அன்னைக்குக் குத்தாலம் வந்தியாட்டி?”

“அந்தக் கூட்டத்துல அங்க யாருக்கா போவா? நாங்க வீட்டுலதான் இருந்தோம்.”

குரலில் ஒரு வழுக்கல். சிறுவயதில் என் பேனா நிப்பை உடைத்துவிட்டு “நான் தொடவே இல்ல” என்றாளே, அதே வழுக்கல்.

காஸ் புக் பண்ண. தையல்காரியிடம் ஜாக்கெட் இரண்டு.

ஆகஸ்ட் 13, புதன்

நல்ல மழை. சாரல் இல்லை, மழையே.

பதினோரு மணிக்கு ஆவுடை அக்கா வந்தாள், இரண்டு முழங்காலும் படம் எடுக்க. ம. வீட்டுக்கு எதிர்வீடு. மேஜையில் படுக்க வைத்து மூட்டைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன்.

“ஒங்க தங்கச்சி மகளுக்கு முடிஞ்சிட்டே. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீங்க வரலியே, ஏன்?”

“எப்பம்?”

“ஆனி கடைசி ஞாயித்துக்கிழமைல்லா. ஆடி பொறக்குமுன்ன பேசி முடிச்சிரணும்னு சட்டுபுட்டுன்னு வந்தாவ. பையன் பெங்களூர்ல வேலை. நல்ல எடம். ஒங்களக்கூட பையன் அம்மா கேட்டாவ, பொண்ணுக்கு ஒரு பெரியம்மா உண்டாமேன்னு. மல்லிகா, ‘அக்கா துபாயில நர்ஸா இருக்கா’ன்னுட்டா. எனக்குச் சிரிப்பாணி வந்திட்டு. கேசரிய வாயில போட்டு அடக்கிக்கிட்டேன்.”

“அசையாதீங்க. அசைஞ்சா படம் கலங்கிரும்,” என்றேன்.

அவள் அசையவில்லை. இரண்டு படமும் சுத்தமாக விழுந்தது. அதில் எனக்கு ஒரு பெருமை, இந்த நிலைமையிலும்.

“தேய்மானம் ஜாஸ்தியா இருக்கா?”

“டாக்டர் சொல்வாங்க.”

மத்தியானம் சாப்பிடவில்லை. பவுனும் நானும் ஒன்றாகிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். தினம் காலை எட்டு மணிக்கு தி. ஒரு போட்டோ அனுப்புவாள். “பவுனு வெயில் காயுது பெரிம்மா.” அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புவது. முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஜூன் முழுக்க ஒவ்வொரு படமும் வேறு வேறு. கழுத்து வெளியே, கழுத்து உள்ளே, கால் நீட்டி. ஜூலை பன்னிரண்டு வரை சரி. பதிமூன்று, அதாவது ஆனி கடைசி ஞாயிறு, படம் இல்லை. பதினாலில் வந்தது ஜூன் கடைசியில் வந்த அதே படம். செங்கல் ஓரம் ஒரு காக்கா இறகு. அதற்கு மறுநாள் படமும் பழசு. அப்புறம் ஆகஸ்ட் ஒன்பது வரை எல்லாமே பழசு. நிழல்கூட அதே பக்கம், அதே நீளம்.

படம் பார்த்துப் பிழைக்கிற கண். ஒரு மாதமாக ஒன்றையும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூறல். ஆமையை வாளியில் போட்டு, மேலே துண்டு மூடி சென்டருக்குக் கொண்டுபோனேன். ஒரு மணிக்கு டாக்டர் சாப்பிடப் போவார். செல்லத்தாயைப் பிடிக்கச் சொன்னேன்.

“இது கடிக்காதுல்லா?”

“பவுனு கடிக்காது. இது எப்படின்னு தெரியாது.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கேட்கவில்லை. செல்லத்தாய் ஒன்றைக் கேட்காமல் விட்டது இன்றுதான்.

சின்னப் பிள்ளை கைக்கு வைக்கிற கதிர் அளவு வைத்து எடுத்தேன்.

சுத்தம். ஒரு கீறல் இல்லை. மேலே தோல் மாதிரி இருப்பது உரியும், கோடும் அதோடு போகும், சரி. எலும்பில் விழுந்த பிளவு எங்கே போகும்? ஓட்டுக்கு அடியில் இருப்பது எலும்பு. பவுனுக்கு அது கூடி ஒரு தடிப்பாக நின்றது, படத்தில் வெள்ளை வெளேர் என்று.

இது பவுனு இல்லை.

தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை மாடியிலேயே தெரியும். ஆனாலும் படத்தில் பார்த்தபோது ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். செல்லத்தாய் கவச உடுப்போடு ஆமையைப் பிடித்தபடி நின்றாள். “அக்கா, எறக்கி விடவா, வேண்டாமா? கையில மூத்திரம் போகுது.”

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. தெருவில் கொடியேற்றம், மைக், மிட்டாய். நான் வெளியே போகவில்லை.

பழைய படத்தை பீரோவிலிருந்து எடுத்தேன். இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பழையதில் தி.யின் விரல்களும் விழுந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் நாலு நாலு எலும்பு, ஒன்றில் மோதிரம். கழற்றச் சொல்ல மறந்திருக்கிறேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

அந்த விரல்தான் ஒரு மாதமாகப் பழைய போட்டோவைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறது.

ம. பொய் சொன்னால் கோபம் வரும், போய்விடும். அவள் எப்போதும் அப்படித்தான். தி. செய்ததுதான் நெஞ்சில் நிற்கிறது. எழுதினால் குறையும் என்று உட்கார்ந்தேன். குறையவில்லை. ஏமாற்றிவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, யார் என்ன சொல்வது என்று பங்கு போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள்.

அந்த ஆமை தொட்டியின் மூலையில். அதுவும் ஐந்து நாளாகப் பட்டினி. கண் லேசாக வீங்கியிருக்கிறது. வெந்நீர் கலந்து இளஞ்சூட்டில் வைத்தேன். அதன் மேல் எனக்கென்ன கோபம்? இருக்கிறது, அதுவும்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. காலையிலேயே ம. வந்தாள், தட்டோடு. வெற்றிலை, பாக்கு, பூ, பழம், எனக்கு ஒரு பட்டுச்சேலை, அரக்கு நிறம். தி. அப்பா வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றார். ஒரு மணி நேரமும் அந்த வண்டி நின்றபாடில்லை.

“அக்கா, நல்ல சேதி. திவ்யாவுக்கு அமைஞ்சிட்டு. வார ஞாயித்துக்கெழம நிச்சயம். எங்க ஊர் மண்டபத்துலதான். எல்லாம் திடீர்னு ஆயிப்போச்சு. ஒன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு ஓடி வாரேன்.”

காப்பி போட்டேன். பேச விட்டேன். பையன் படிப்பு, பையன் நிறம், பையன் அம்மா கெட்டிக்காரி. கடைசியில், “நீ சாப்பாட்டு நேரத்துக்கு வந்தா போதும்க்கா. காலையிலயே வந்து அந்தக் கூட்டத்துல எதுக்குக் கஷ்டப்படணும்?”

எழுந்து போய் இரண்டு படத்தையும் எடுத்து வந்து ஜன்னலில் வைத்தேன்.

“இது என்னதுக்கா?”

“பவுனு. விழுந்தப்ப எடுத்தது. இந்தா கோடு. இந்தா ஒம் மக விரலு. இது போன வியாழக்கிழமை எடுத்தது. கோட்டக் காட்டு பாப்போம்.”

“எனக்கு இதுல என்ன தெரியும்? டாக்டர்கிட்ட காட்டுனியா?”

“டாக்டர் வேண்டாம். நானே சொல்லுதேன். இது வேற ஆமை.”

காப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆடை படிந்துவிட்டது. பிறகு உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டாள்.

“பையன் அம்மா வாஸ்து பாப்பாவளாம்க்கா. தரகர் முந்தின நாள் வந்து, வீட்டுல ஆமை கெடக்கக் கூடாது, கண்ணுல பட்டா வந்த காலோட திரும்பிருவாவன்னுட்டாரு. ஒரு நாளைக்கு எதுத்த வீட்டுல வைப்போம்னுதான் நான் சொன்னேன். திவ்யா அப்பாதான் விடியக்காலம் சாக்குல கட்டிக் கொண்டுபோய் ஊர்க்குளத்துல விட்டுட்டு வந்துட்டாவ.”

“தேடுனியளா?”

“ரெண்டு மட்டம் போய்ப் பாத்தோம். அவ்வளவு பெரிய குளத்துல எங்கனன்னு தேட?”

“இது ஏது?”

“திருநவேலியில ஒரு வீட்டுல வேண்டாம்னு கெடந்துச்சு. அதே சைஸு. நீ கண்டுபிடிக்க மாட்டன்னு...”

“சரி. ஆமையக் குளத்துல விட்டாச்சு. என்னைய எதுக்குட்டி துபாயில விட்டிய?”

அப்போதுதான் அழுதாள். அதுவரை இல்லை. ஆமைக்கு அழவில்லை.

“அத யாரு ஒனக்குச் சொன்னா? நீயே யோசிச்சுப் பாருக்கா. கல்யாணம் ஆகாத பெரியம்மா பக்கத்து ஊர்ல தனியா இருக்கான்னா ஆயிரம் கேப்பாவ. ஏன் ஆகல, என்ன கொற, குடும்பத்துல ஏதும் நோவு உண்டான்னு. அவளுக்குத்தான் கெடுதல். நாங்க என்ன ஒன்ன வேண்டாம்னா சொன்னோம்? நிச்சயத்துக்கு லீவுல வந்திருக்கான்னு சொல்லிக்கிடலாம். நீ ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா சிரிச்சிட்டு நின்னாப் போதும்.”

எனக்கு ஒரு குறையும் இல்லை. அமையவில்லை, அவ்வளவுதான். அது ம.வுக்குத் தெரியும். தெரிந்தவளே அப்படிச் சொல்லும்போது என்ன பேச? தரகர் சொன்னார் என்று ஆமையை ஒளித்தார்கள். என்னை ஒளிக்கத் தரகர்கூடச் சொல்லவில்லை.

“தட்ட வச்சிட்டுப் போ,” என்றேன்.

“வருவியால்ல?”

“வச்சிட்டுப் போ.”

வாசலில் தி. அப்பா குரல்: “என்ன சொல்லுதா? கண்டுபிடிச்சிட்டாளா?” ம.: “சத்தம் போடாதிய.”

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சாரல் விட்டு விட்டு. கண் வீக்கம் குறைவு. சாப்பிடவில்லை.

இரண்டு மணிக்கு தி. போன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் பேசினாள்.

“பெரிம்மா, நான் ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும்.”

“போட்டோ அனுப்புனது ஒங்க அம்மையா நீயா?”

“நான்தான். காலையில பவுனப் பாக்காம நீங்க வேலைக்குப் போக மாட்டீங்க. அதான்.”

“எனக்காகவாட்டி அனுப்புன?”

“எனக்கு அவரப் பிடிச்சிருக்கு பெரிம்மா. எதுலயாவது கெட்டுப் போயிரக் கூடாதுன்னு பயமா இருந்துச்சு. அப்பா சாக்கக் கட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணும் சொல்லல.”

நன்றாக இரு என்றேன். வைத்துவிட்டேன். கெட்ட வார்த்தை நாலு சொல்லியிருக்கலாம், அவளுக்கும் லேசாக இருந்திருக்கும். பிடித்த பையன் கிடைத்தது எனக்குச் சந்தோஷம்தான். அதுதான் ஆத்திரம். சந்தோஷத்தைக்கூட நேராகப் பட விடவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சாப்பிட்டுவிட்டது!

காலை, கூனியைத் தூவிவிட்டு சட்னி அரைக்கப் போனேன். திரும்பி வந்தால் தண்ணீரில் ஒன்றுகூட மிச்சமில்லை. மறுபடி கொஞ்சம் போட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. பன்னிரண்டு நாள் பிடிவாதம் கூனியிடம் தோற்றது.

சந்தோஷம் வரவில்லை. நீ தின்றுவிட்டால் பவுனு இடத்துக்கு வந்துவிட்டாய் என்றாகிறதே என்று ஒரு எரிச்சல். பிறகு வெட்கமாக இருந்தது. இதுவும் ஒரு வீட்டில் வேண்டாம் என்று சொல்லித்தானே வந்திருக்கிறது. பெயர் வைக்கவில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

கடல்நுரை ஒரு துண்டு போட்டேன். முகர்ந்துவிட்டுத் தள்ளிவிட்டது. அது என்ன என்றே தெரியவில்லை, பாவம். யாரும் கொடுத்ததில்லை போல.

செல்லத்தாய்: “நிச்சயத்துக்குப் போவியளாக்கா?” “தெரியல.” “போங்க. போயி துபாய் செண்ட் அடிச்சிட்டு நில்லுங்க.” அவளுக்கு எப்படித் தெரியும்? ஆவுடை அக்கா முழங்கால் வலியோடு ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தென்காசியில் வெயில். இரண்டரை மாதத்தில் முதல் தடவை, சுளீர் என்று. இன்றைக்குப் பார்த்து.

அந்த ஆமையை மாடிக்குக் கொண்டுபோனேன். செங்கல் மேல் தானே ஏறிக் காலை நீட்டிக்கொண்டது. மேலே பாதி வலை போட்டு, நிழலுக்கு ஒரு கூரை ஓடு சாய்த்து வைத்தேன். மாடிச் சுவரோரம் பலகை அடைத்தாயிற்று, அந்தத் தப்பு இன்னொரு தடவை வேண்டாம்.

குளித்து, அரக்குப் பட்டைக் கட்டினேன். நல்ல சேலைதான். ம.வுக்கு எனக்கு எது எடுப்பாக இருக்கும் என்று தெரியும். கைப்பையில் டின், கரண்டி, இந்த நோட்டு. பதினோரு மணி பஸ்.

மண்டபம் ரோட்டு மேலேயே இருக்கிறது. வாழைமரம், பிளெக்ஸ். பிளெக்ஸில் தி. சிரிக்கிறாள், பக்கத்தில் அந்தப் பையன், நல்ல முகம். பஸ் நின்றது. பாதி பேர் இறங்கினார்கள், எல்லாம் பட்டும் மல்லிகைப் பூவுமாக. கண்டக்டர் என் சேலையைப் பார்த்துவிட்டு, “அக்கா, மண்டபம்.” “நான் அடுத்தது,” என்றேன். கால் அப்படியே இருந்துவிட்டது. முன்கூட்டி யோசித்துச் செய்யவில்லை.

அடுத்த நிறுத்தம் குளத்தங்கரை. இதைக் கரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

பாதிக் குளம் தண்ணீர். குற்றாலத்துத் தண்ணீர்தான் சிற்றாற்றில் இறங்கி இங்கே வந்து நிற்கிறது. தாமரை, பாசி, இரண்டு எருமை. அரை மணி நேரமாக டின்னைத் தட்டுகிறேன். புல் அறுக்கிற அம்மா ஒருத்தி வந்து பார்த்தாள்.

“பட்டுச்சேல கட்டிட்டு இங்கன யாரத் தேடுதிய தாயி?”

“என் ஆமைய.”

“ஆமை நெறையக் கெடக்கே. ஒங்களுது எதுன்னு எப்படித் தெரியும்?”

“காதோரம் செவப்பா இருக்கும். ஓட்டுல ஒரு கோடு.”

“அவ்வளவு கிட்டத்துல அத யாரு பாத்தா?” என்று போய்விட்டாள். கேலி செய்யவில்லை. நல்ல மனுஷி.

மண்டபத்து நாதஸ்வரம் இங்கே வரை கேட்கிறது. தட்டு மாற்றுகிற நேரம் போல, கெட்டிமேளம். தி. தலையைக் குனிந்திருப்பாள். சிரிப்பை அடக்கும்போது அவளுக்கு இடது கன்னம் குழியும்.

நோட்டை வைத்துவிட்டு மறுபடி தட்டினேன். தாமரை இலைகளுக்கு நடுவில் ஒரு தலை. கறுப்பு. சிவப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை, வெயில் கண்ணை அடிக்கிறது. டொக் டொக் டொக். பக்கத்தில் வரவில்லை. உள்ளே போகவும் இல்லை. கூனியை அள்ளித் தண்ணீரில் வீசினேன். அது தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தது என்று நினைக்கிறேன்.

போன். ம. பின்னால் இலை போடுகிற சத்தம்.

“எங்கக்கா இருக்க? பந்தி ஒக்காரப் போகுது. பையன் அம்மா ஒன்னைய எங்கன்னு கேக்காவ. நான் என்ன சொல்லட்டும்?”

“துபாயிலதான் இருக்கேன்னு சொல்லு,” என்றேன். “இங்கன நல்ல வெயிலு.”